வலி வந்தாலும் மலையை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். என்ன செய்யலாம்?

சுக்குக்காப்பி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். நான் மலைக் கிராமம் ஒன்றில் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியை. எந்த மலை என்று எழுதப் போவதில்லை, எழுதினால் யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று தெரிந்துவிடும். இருபத்தைந்து வீடுள்ள ஊர். தார் ரோடு முடிகிற இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டும்.

என்னிடம் எட்டாவது வரை படித்த பெண் ஒருத்தி இப்போது எட்டு மாசம். இது இரண்டாவது. முதல் பிரசவம் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. இந்தத் தடவை "கீழ வர மாட்டேன் டீச்சர், பாட்டி பாத்துக்கும்" என்கிறாள். அவளுடைய பாட்டிதான் ஊருக்கு மருத்துவச்சி. கண் மங்கிவிட்டது, கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை.

நர்ஸம்மா வந்து எடுத்துச் சொன்னார். முதலில் நயமாக, அப்புறம் பயமுறுத்தி. "வீட்ல பெத்தா பணம் வராது, பிள்ளைக்கு சர்ட்டிபிகேட் வாங்க அலைவே" என்றார். இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹீமோகுளோபின் எட்டு சொச்சம்.

ஏன் என்று பல நாள் கேட்டும் பதில் இல்லை. போன வாரம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். அன்றைக்கு ராத்திரி இவளை உள்ளே கூட்டிப்போனதும் அம்மாவை வெளியே நிறுத்திவிட்டார்கள். இடுப்பில் கட்டியிருந்த குலசாமிக் கயிற்றைக் கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பைக்கூடையில் போட்டார்கள். கத்தினதற்குத் தொடையில் அடி விழுந்தது. இவள் பேச்சைக் கேட்டு ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துச் சிரித்தாள். "அடிச்சதுகூட மறந்துபோச்சு டீச்சர். அந்தக் கயிறு குப்பையில கெடந்தது மட்டும் கண்ணுலயே நிக்குது."

எனக்கு மருத்துவம் தெரியாது. வீட்டில் பெற்றால் ஆபத்து என்று மட்டும் தெரியும். அவளை எப்படிக் கீழே கூட்டிப்போவது? இல்லை, கூட்டிப்போவதே தப்பா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

ஆதிவிதை

டீச்சர், அந்தப் பெண் சொல்வதுதான் சரி. நம் பாட்டிமார்கள் பத்து, பன்னிரண்டு என்று வீட்டிலேயே பெற்றவர்கள். பிரசவம் நோய் இல்லை. ஆஸ்பத்திரிக்குள் போனால் கத்தியோடுதான் வெளியே விடுவார்கள். 2019-21 தேசிய குடும்பநல சர்வேயைப் பாருங்கள், தமிழ்நாட்டில் நூற்றுக்கு 44.9 பிரசவம் சிசேரியன். பாட்டி கையில் விட்டுவிடுங்கள், இயற்கை பார்த்துக்கொள்ளும்.

---

பழைய நர்ஸம்மா

ஆதிவிதை தம்பி, பாட்டி பத்துப் பிள்ளை பெற்றார் சரி, எத்தனை தங்கியது என்று கேட்டீர்களா? என் மாமியார் ஒன்பது பெற்றார், வளர்ந்தது நாலு. ஒன்பதாவதில் அவரே போய்ச் சேர்ந்திருக்க வேண்டியது, மாட்டுவண்டி நேரத்துக்குக் கிடைத்ததால் தப்பினார். இயற்கை பார்த்துக்கொண்ட லட்சணம் இது.

2018-ல் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டில் பிரசவம் பார்க்கப் போய் ஒரு பெண் ரத்தப்போக்கில் செத்தது ஞாபகம் இருக்கும். பக்கத்தில் ஆஸ்பத்திரியை வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் அவர்கள். டீச்சர் சொல்லும் பெண் அந்த ரகம் இல்லை. இவள் ஆஸ்பத்திரிக்குப் போனவள், அங்கே பட்டவள். இரண்டையும் ஒரே சாக்கில் கட்டாதீர்கள்.

முப்பத்தோரு வருஷம் வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான், அதில் பதினாலு வருஷம் மலையில். என் பங்குக்கு நானும் ஒரு பாவத்தை ஒப்புக்கொள்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுப்போம். "தாய் பயிற்சி" என்று பெயர், இந்தியில் மருத்துவச்சியை அப்படிச் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு பொட்டலம்: சோப்பு, புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல், விரிக்க பிளாஸ்டிக் ஷீட். ஐந்து சுத்தம் என்று பாட்டாகவே சொல்லிக்கொடுப்போம். கை சுத்தம், இடம் சுத்தம், பிளேடு சுத்தம், நூல் சுத்தம், கொடி அறுத்த இடத்தில் எதையும் தடவாத சுத்தம். அந்தக் கிழவிகள் எங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். "பிள்ளை குறுக்கே கிடக்கு, வா" என்று ராத்திரி சொல்லியனுப்புவார்கள். யாருக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று எனக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம் 2005-க்குப் பிறகு எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் என்றானது. நல்லதுக்குத்தான், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சியும் போச்சு, பொட்டலமும் போச்சு. நேற்று வரை எங்களோடு உட்கார்ந்து டீ குடித்த மருத்துவச்சி இன்றைக்கு மறைந்து ஓட வேண்டியவள் ஆனாள். "வீட்ல பிரசவம் பாத்தா உன் மேல கேஸு" என்று நானே சொல்லியிருக்கிறேன். அதன் பலன், பிள்ளை குறுக்கே கிடந்தாலும் ஆள் அனுப்புவது நின்றுவிட்டது.

டீச்சரம்மா, பாட்டியோடு மல்லுக்கட்டாதீர்கள். பாட்டியையும் சேர்த்துக் கீழே கூட்டிப்போக வழி பாருங்கள்.

---

வார்டுநம்பர்7

நான் ஒரு அரசு மருத்துவமனை லேபர் வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். எங்கே என்று கேட்காதீர்கள்.

அடித்ததை நியாயப்படுத்த வரவில்லை. அடிப்பது நடக்கிறது, என் கண் முன்னாலும் நடந்திருக்கிறது. என் கையும் ஒருமுறை ஓங்கியிருக்கிறது. போன மாசம் ஒரு ராத்திரி நான், இன்னொரு சிஸ்டர், ஒரு ஆயாம்மா, அவ்வளவுதான் ஆள். பதினோரு பிரசவம். ஒருத்திக்குத் தலை தெரிகிறது, ஒருத்திக்கு ஜன்னி வருகிற மாதிரி பி.பி. ஏறுகிறது, மூன்றாவது டேபிளில் ஒருத்தி காலை இறுக்கிக்கொண்டு விரிக்க மாட்டேன் என்கிறாள். பிள்ளை மூச்சடைத்து வந்தால் விசாரணை எங்கள் மேல். அந்த இடத்தில் வாயில் நல்ல வார்த்தை வருவது லேசில்லை.

துணைக்கு ஆள் விஷயம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவத்தின்போது ஒரு பெண் கூட இருக்கலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2004-லேயே வந்தது. சுவரில் போர்டே இருக்கிறது. நடைமுறை என்ன? டேபிளுக்கு டேபிள் திரை இல்லை. ஒருத்தியின் அம்மாவை உள்ளே விட்டால் அடுத்த டேபிள்காரிக்கு மானம் போகிறது. அதனால் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுகிறோம். ஆளுக்கு ஒரு திரைச்சீலை தைத்து மாட்டினாலே முக்கால்வாசிப் பிரச்சினை தீரும். எழுதிக் கேட்டு ஒன்றரை வருஷமாகிறது.

கயிறு விஷயம் படித்ததும் சங்கடமாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் போகும்போது தாலியைக் கழற்றாதவர்களுக்கு நாங்கள் பிளாஸ்டர் சுற்றி ஒட்டிவிடுகிறோம். தாலிக்குப் பிளாஸ்டர், குலசாமிக் கயிற்றுக்குக் கத்தரிக்கோல். இவ்வளவு நாள் இது எனக்கு உறைத்ததே இல்லை.

---

காட்டுத்தேன்

சிஸ்டர் மனசு விட்டு எழுதியதற்கு நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபப்படாதீர்கள். வேலை அதிகமாக இருக்கும்போது எல்லாரையும்தானே அடிக்க வேண்டும்? வி.ஏ.ஓ. மகளை யாராவது அடித்தார்களா? எங்களைப் பார்த்ததும்தான் கை நீளுகிறது. அடிப்பவருக்குத் தெரியும், இவளுக்காகக் கேட்க வெளியே யாரும் இல்லை என்று.

நான் பணியர் பழங்குடி. நீலகிரியில் கூடலூர்ப் பக்கம். எங்கள் பேச்சைத் தமிழ்க்காரர்களும் மலையாளிகளும் "அது என்ன பாஷை" என்று சிரிப்பார்கள். வலியில் யாருக்கும் இரண்டாவது பாஷை வராது. இடுப்பு நோவு உச்சத்தில் இருக்கும்போது தமிழில் யோசித்துப் பதில் சொல் என்றால் வாயை மூடிக்கொள்வோம். அதைப் பார்த்து "திமிரு, கேட்டா பதில் சொல்லுதா பாரு" என்பார்கள். என் அக்காவுக்கு நடந்தது இது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லவில்லை.

கூடலூரில் 1990-லேயே இதற்கு வேறு வழி பிடித்தார்கள். ஆதிவாசி மருத்துவமனை என்று ஒன்று, ஆதிவாசி முன்னேற்ற சங்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. எங்கள் பெண்களையே நர்ஸாகப் பயிற்சி கொடுத்து வைத்தார்கள். பாடிகளிலும், அதாவது எங்கள் குடியிருப்புகளிலும், சுகாதாரப் பணியாளர்கள் எங்கள் ஆட்களே. பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுகுறும்பர், இருளர் என்று எல்லாருக்குமான இடம். உள்ளே நுழைந்ததும் தெரிந்த முகம், தெரிந்த பேச்சு. படுக்க இடம் தேடி உறவுக்காரர்கள் மரத்தடிக்கு ஓட வேண்டியதில்லை.

இன்னொன்று. எங்கள் பக்கம் அரிவாள் செல் ரத்தசோகை உண்டு, ரத்த அணு அரிவாள் மாதிரி வளைந்துபோகிற பரம்பரை நோய். ரத்தம் குறைவு என்றதும் கை நிறைய இரும்புச்சத்து மாத்திரையை அள்ளிக் கொடுப்பார்கள். அந்த நோய் இருக்கிறதா என்று ஒரு சோதனை செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும். டீச்சர், உங்கள் பெண்ணுக்கு அந்தச் சோதனை ஆகிவிட்டதா?

---

சுக்குக்காப்பி

காட்டுத்தேன், அப்படி ஒரு சோதனை இருப்பதே எனக்குத் தெரியாது. அட்டையைப் பார்த்தேன், அதில் அது இல்லை. கேட்கிறேன்.

இன்னொரு செய்தி. நேற்று அவள் வீட்டுப் பரணில் அடி டப்பா ஒன்றில் இரும்புச்சத்து மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் அடுக்கியிருந்தன. பதினெட்டு அட்டை, எண்ணிப்பார்த்தேன். "சாப்பிட்டா கருப்பா வெளிக்குப் போகுது, குமட்டுது. தூக்கிப் போட்டா நர்ஸம்மா திட்டும்னு சேத்து வச்சேன்" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

---

இடுக்கிவாசி

பண்பாடு பண்பாடு என்று எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்காதீர்கள். எங்கள் பக்கம் முதுவர் பழங்குடிக் குடிகளில் மாதவிலக்குக்கும் பிரசவத்துக்கும் தனிக் குடிசை உண்டு, வாலாய்மைப்புரை என்பார்கள். மதுரைப் பக்கம் முட்டுவீடு. பச்சை உடம்போடு மழையில் ஒழுகுகிற குடிசையில் கிடப்பதையும் பண்பாடு என்று சொல்லி மதிக்கச் சொல்வீர்களா?

---

காட்டுத்தேன்

மதிக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குடிசை வேண்டுமா வேண்டாமா என்று அங்கே இருக்கிற பெண்கள் பேசட்டும். வெளியாள் வந்து "இடி அதை" என்றால் இடித்தவனை விட்டுவிட்டுப் பெண்ணைத்தான் ஊர் பேசும். சில பெண்கள் குடிசை வாசத்துக்குப் பயந்து மாதவிலக்கே வராமலிருக்கக் கர்ப்பத்தடை மாத்திரையை மாசக்கணக்கில் விழுங்கியதும் நடந்தது. எதை விட வேண்டும் என்று அவர்களுக்கே தெரியும். விடுவதற்கு ஆதரவுதான் கிடைப்பதில்லை.

---

மகப்பேறு_மருத்துவர்

இரண்டு நாளாகப் படிக்கிறேன். டாக்டராகச் சில விஷயங்கள்.

முதலில் ஆதிவிதைக்கு. 44.9 சரியான எண்தான். அதை உடைத்துப் பாருங்கள்: தனியாரில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல், அரசில் முப்பத்தாறு. அதே சர்வேயில் தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. பிரசவத்தில் தாய் இறப்பது 2018-20 கணக்கில் உயிரோடு பிறக்கும் லட்சம் குழந்தைக்கு 54, தேச அளவில் அது 97. தேவையில்லாத சிசேரியன் ஒரு பிரச்சினை, தேவையான நேரத்தில் ஆஸ்பத்திரி எட்டாமல் போவது வேறு பிரச்சினை. இந்த இழையில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டாவதுதான் ஆபத்து. மீதி 0.4-ல் இருப்பவர்கள் பெரும்பாலும் இவளைப் போன்றவர்கள்தான் என்பது என் ஊகம்.

பிரசவத்துக்குப் பிறகான ரத்தப்போக்கு ஒரு பெண்ணை இரண்டு மணி நேரத்தில் கொன்றுவிடும். ஹீமோகுளோபின் எட்டு உள்ளவளுக்கு இழக்கக் கையிருப்பே இல்லை. நாலு கிலோமீட்டர் டோலி கட்டித் தூக்கி, அப்புறம் ஜீப், அப்புறம் 108. நேரத்தை நீங்களே கூட்டிப்பாருங்கள். பாட்டியின் கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்ஸிடோசின் ஊசி அந்தக் கையில் இல்லை.

சரி, மறுபக்கம். உலக சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட பிரசவ கால வழிகாட்டுதலில் நாங்கள் செய்கிற பாதிக்கு "வழக்கமாகச் செய்யாதே" என்று இருக்கிறது. மல்லாக்கப் படுத்துத்தான் பெற வேண்டும் என்பதில்லை. குந்தியோ ஒருக்களித்தோ முட்டி போட்டோ அவளுக்குத் தோதான நிலையில் பெறலாம். ஆபத்தில்லாத பிரசவத்தில் வலியின்போது குடிக்கலாம், சாப்பிடலாம். எல்லாருக்கும் அறுத்துத் தையல் போடுவது கூடாது. அவள் விரும்பிய துணை கூட இருக்க வேண்டும். கூடவே ஒருவர் இருந்தால் சிசேரியன் குறைகிறது என்று பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த 26 ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் சொல்லியிருக்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒரு பாட்டிக்கு இவ்வளவு வேலை இருக்கிறது. எந்த மருந்து கம்பெனிக்கும் இதில் லாபம் இல்லை, அதனால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

பாட்டி அந்த வீட்டில் எப்படிப் பிரசவம் பார்ப்பார், டீச்சர்? கேட்டுச் சொல்ல முடியுமா?

---

சுக்குக்காப்பி

கேட்டேன் டாக்டர். விட்டத்தில் கயிறு கட்டியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு குந்த வேண்டும். பின்னால் ஒரு பெண் உட்கார்ந்து முழங்காலால் முதுகைத் தாங்குவாள். பாட்டி முன்னால். "நான் புள்ளைய இழுக்க மாட்டேன், அதுவா வரும், நான் கைய ஏந்துவேன்" என்று கையை ஏந்திக் காட்டியது. நஞ்சுக்கொடி விழும்வரை தொப்புள்கொடியை அறுப்பதில்லை. நஞ்சை வீட்டு வாசலுக்குக் கிழக்கே புதைப்பார்கள்.

பாட்டி இன்னொன்றும் சொன்னது. "ரத்தம் நிக்காம ரெண்டு பேரு போயிட்டாங்க என் கையில." எந்த வருஷம் என்று கேட்டேன். வருஷம் தெரியாது, இரண்டு பேர் பெயரும் தெரியும். சொல்லிவிட்டு வெகு நேரம் பேசவில்லை.

---

ஊர்மேய்ச்சல்

விட்டத்துக் கயிறு என்றதும் ஞாபகம் வருகிறது. பெரு நாட்டில் ஆயகுச்சோ என்ற மலைப் பகுதியில், சாந்தில்யானா என்னும் இடத்தில், கெச்சுவா பழங்குடிப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வரவே மாட்டார்கள். 1999-ல் நூற்றுக்கு ஆறு பேர்தான் வந்தார்கள். அவர்களையும் மருத்துவச்சிகளையும் உட்காரவைத்து என்ன வேண்டும் என்று கேட்டார்கள். அதன்படி பிரசவ அறையில் கயிறும் முக்காலியும் வந்தன. நின்றும் குந்தியும் பெறலாம் என்றார்கள், புருஷனும் மாமியாரும் கூட இருக்கலாம், கெச்சுவா பேசுகிற ஊழியர், நஞ்சை வீட்டுக்கே கொடுத்துவிடுவது. 2007-ல் நூற்றுக்கு 83 பேர் ஆஸ்பத்திரியில் பெற்றார்கள். அடி உதை, மிரட்டல் எதுவும் இல்லாமல்.

நம் நாட்டிலும் உண்டு. மகாராஷ்டிரா கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி கோண்டு மக்களைக் கேட்டு ஆஸ்பத்திரி கட்டினார்கள். பெரிய கட்டடம் பயமாயிருக்கிறது என்றார்கள், குடிசை குடிசையாகக் கட்டினார்கள். உறவுக்காரர் கூடத் தங்க வேண்டும் என்றார்கள், இடம் விட்டார்கள். தந்தேஸ்வரி அம்மன் பெயரையே ஆஸ்பத்திரிக்கு வைத்தார்கள். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு தேடிப் போய்ச் சிசுவைக் கவனிக்க வைத்ததில் பிறந்த முதல் மாசத்துக்குள் சிசு இறப்பது 62 சதவீதம் குறைந்தது என்று 1999-ல் ஆய்வு வந்தது.

---

ஹட்டன்_லயம்

இலங்கை மலையகத்திலிருந்து எழுதுறேன். நாங்களும் தோட்டத்து ஆட்கள்தான், உங்கட ஊர்ப் பக்கம் இருந்து கப்பலேறின பரம்பரை. எங்கட பக்கம் வீட்டுல பிள்ளை பெறுறது இல்லைன்னே சொல்லலாம். மிட்வைஃப் லயத்துக்கே (தோட்டத்து வரிசை வீடு) வருவாங்க, கிளினிக்ல திரிபோஷா சத்துமா தருவாங்க. அந்த ஏற்பாடு நல்லம், குறை சொல்ல மாட்டேன்.

குறை மொழியில. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பேச்சு, கார்டு, மருந்துச் சீட்டு எல்லாம் சிங்களம். "எத்தனை மணிக்குத் தண்ணிக்குடம் உடைஞ்சது" என்று கேட்டது விளங்காமல் என் தங்கச்சி தலையை ஆட்டிட்டாள். பக்கத்துக் கட்டில் அம்மாதான் மொழிபெயர்த்தது. அவ இல்லாட்டி என்ன ஆகியிருக்குமோ. காட்டுத்தேன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி, வலியில ரெண்டாம் மொழி வராது.

---

கறுப்புக்கோட்டு

டீச்சர், யாரும் கேட்காத கேள்வி ஒன்று. முதல் பிரசவத்தில் அந்தப் பெண்ணுக்கு என்ன வயது?

---

சுக்குக்காப்பி

பயந்துகொண்டிருந்த கேள்வி. பதினேழரை. இப்போது இருபத்தொன்று.

---

கறுப்புக்கோட்டு

நினைத்தேன். மலையில் வேலை செய்கிற எந்த வக்கீலும் முதலில் இதைத்தான் கேட்பார்.

2012 போக்ஸோ சட்டத்தில் பதினெட்டுக்குக் கீழே கர்ப்பம் என்று தெரிந்தால் ஆஸ்பத்திரி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாவிட்டால் ஆறு மாசம் வரை சிறை. சட்டத்தின் நோக்கம் குழந்தைகளைக் காப்பது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சின்ன வயசுக் கல்யாணத்தையும் நான் ஆதரிக்கவில்லை. ஆனால் ஊர் அறியக் கல்யாணமான பதினேழு வயதுப் பெண் செக்கப்புக்குப் போனால் புருஷன் ஜெயிலுக்குப் போகிறான். செய்தி மலையில் காட்டுத்தீயாகப் பரவும். அடுத்த பெண் ஆஸ்பத்திரிப் பக்கமே தலை வைக்க மாட்டாள். யாருக்குக் கண்காணிப்பு அதிகம் தேவையோ, அந்தச் சின்ன உடம்புக்காரிதான் ஒளிந்துகொள்கிறாள்.

2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் கருக்கலைப்பு வழக்கு ஒன்றில், சிறுமியும் அவள் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குத் தரும் தகவலில் அவள் பெயரை டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்றது. அது கருக்கலைப்புக்கு. பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அந்த நிழல்கூட இல்லை.

உங்கள் பெண்ணுக்கு இப்போது இருபத்தொன்று. இந்தப் பிரசவத்துக்காக வழக்கு வராது. அதை அவளுக்கும் அவள் புருஷனுக்கும் யாராவது உட்கார்ந்து சொன்னார்களா? பழைய விஷயத்தை இப்போது தோண்டுவார்களோ என்ற பயம்தான் கயிற்றுக்கும் அடிக்கும் பின்னால் இருக்கிறது என்று தோன்றுகிறது.

---

ஆதிவிதை

இழை முழுவதையும் திரும்பப் படித்தேன். நான் சென்னையில் உட்கார்ந்து எழுதியது. பாட்டி "ரெண்டு பேரு போயிட்டாங்க" என்று சொன்ன இடத்தில் நின்றுவிட்டேன். முதல் பதிலை அழிக்கவில்லை, இருக்கட்டும்.

---

பழைய நர்ஸம்மா

நல்ல பிள்ளை.

டீச்சரம்மா, இனி வேலைக்கு வருவோம். மலை ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவக் காத்திருப்பு அறை உண்டு. நாள் நெருங்கியதும் முன்கூட்டியே வந்து தங்கலாம். உங்கள் பக்கத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் ஒன்று, வலி வந்த ராத்திரியில் முதன்முதலாக அந்தக் கட்டடத்தை அவள் பார்க்கக் கூடாது. சும்மா ஒரு நாள் பாட்டியோடு போய்ச் சுற்றிக்காட்டிவிட்டு வாருங்கள். படுக்க வைக்க வேண்டாம், ஊசி போட வேண்டாம். பார்த்துவிட்டு டீ குடித்துவிட்டு வர வேண்டியதுதான். நர்ஸிடம் முன்னாலேயே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டியிடம் "நீ பார்க்காதே" என்று சொல்லாதீர்கள். "நீயும் வந்து பாரு" என்று சொல்லுங்கள்.

கூலி விஷயத்தையும் மறக்காதீர்கள். காத்திருப்பு அறையில் பத்து நாள் தங்கினால் கூட வருகிறவருக்குப் பத்து நாள் கூலி போச்சு, மூத்த பிள்ளையை யார் பார்ப்பது? அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 உண்டு, ஆனால் அதில் 4,000 சத்துப்பெட்டகமாக வரும், மீதிதான் தவணை தவணையாக பேங்கில் வரும். பஸ்ஸுக்கு இன்றைக்குக் காசு வேண்டும்.

---

வார்டுநம்பர்7

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். போனதும் நர்ஸிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: "பிரசவம் ஆனதும் காப்பர் டி போடுவீர்களா, கேட்டுத்தானே போடுவீர்கள்?" சில இடங்களில் கேட்காமலே வைத்துவிடுகிறார்கள் என்ற புகார் உண்டு. ஊருக்குத் திரும்பி அது தெரிந்தால் அடுத்த பத்துப் பெண்கள் வர மாட்டார்கள். வேண்டுமென்றால் அவளே சொல்லட்டும்.

கயிற்றுக்கு ஒரு ரோல் பிளாஸ்டர் நான் வாங்கி அனுப்புகிறேன். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான்.

---

சுக்குக்காப்பி

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

கறுப்புக்கோட்டு சார் சொன்னது சரியாகிவிட்டது. "இந்தப் பிரசவத்துக்குக் கேஸு கெடையாது" என்று புருஷனிடம் சொன்னதும் அவன் திண்ணையில் உட்கார்ந்து அழுதான். முதல் பிரசவத்தின்போது யாரோ "உன்னப் புடிச்சு உள்ள போடுவோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். போடவில்லை, ஆனால் சொன்னது மூன்று வருஷமாக அந்த வீட்டுக்குள் இருந்திருக்கிறது.

சுற்றிப்பார்க்கப் போனோம். நான், அவள், பாட்டி, மூத்த பிள்ளை. அங்கே இருந்த நர்ஸ் சின்னப் பெண். நான் முன்னாலேயே போனில் பேசியிருந்தேன். அவர் பாட்டியைப் பார்த்ததும் "நீங்க எத்தன புள்ள எடுத்திருக்கீங்க பாட்டி?" என்று கேட்டார். பாட்டி எண்ணத் தொடங்கியது, முடியவே இல்லை. அதிலேயே பாதி வேலை ஆகிவிட்டது.

பாட்டி பிரசவ அறையைச் சுற்றிச் சுற்றி வந்தது. டேபிளைக் கையால் தட்டி "இது மேல எப்படிக் குந்துறது?" என்றது. நர்ஸ், கீழே பாய் விரித்துக் குந்த வைத்துப் பார்க்க டாக்டரம்மாவிடம் கேட்கிறேன் என்றார். உறுதி சொல்லவில்லை. அரிவாள் செல் சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள், இல்லை என்று வந்தது. மாத்திரைக்குப் பதில் டிரிப்பில் இரும்புச்சத்து ஏற்றுகிறார்கள், இதுவரை இரண்டு தடவை.

கிளம்பும்போது பாட்டி நின்று, "நஞ்ச என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டது. எனக்குப் பகீர் என்றது. மஞ்சள் பையில் போட்டு வண்டியில் அனுப்புவார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறேன். நர்ஸ் பேசாமல் பாட்டியைப் பின்பக்கம் கூட்டிப்போனார். வண்டி வராத மலை என்பதால் அங்கே ஆழக் குழி தோண்டிப் புதைக்க அனுமதியாம். கம்பி வேலிக்குள் மூடி போட்ட குழி. பாட்டி மூடியைப் பார்த்தது, வானத்தைப் பார்த்துத் திசை கணக்கிட்டது. "கிழக்கு இல்ல" என்றது. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "மண்ணுலதான போகுது" என்றது.

நேற்று இரண்டு பேரும் காத்திருப்பு அறைக்கு வந்துவிட்டார்கள். கேழ்வரகு மாவும் சாமையும் மூட்டை கட்டிக்கொண்டு. சமையல்கார அக்கா கிளறிய களி கட்டி கட்டியாக இருக்கிறது என்று பாட்டி முதல் நாளே சண்டை போட்டுவிட்டது. வலி இன்னும் வரவில்லை. கயிறு இடுப்பில் இருக்கிறது, சிஸ்டர் அனுப்பிய பிளாஸ்டர் ரோலும் வந்து சேர்ந்தது.

துணையாக உள்ளே பாட்டியை விடுவார்களா, அவள் அம்மாவையா என்பது மட்டும் முடிவாகவில்லை. ஒருவர்தான் என்கிறார்கள். பாட்டி தான்தான் என்கிறது. அங்கே வெற்றிலை கிடைக்கவில்லை என்று வேறு புலம்பல்.

---

வார்டுநம்பர்7

வெற்றிலை வாங்கிக் கொடுங்கள் டீச்சர். லேபர் ரூமுக்குள் துப்பக் கூடாது என்று மட்டும் பாட்டியிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.